குண்டாஸ் போட்டாச்சு: கடிதமா, கோர்ட்டா, காத்திருப்பா?

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு, வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்தாலே என்ன காரியம் என்று பாதி புரிந்துவிடும். மஞ்சப் பைக்குள் இருநூறு, முந்நூறு பக்க ஆவணக் கட்டு ஒன்று. பையைப் பிடித்தபடி ஒரு அம்மா. அவருக்காகப் பேச ஒரு மாமாவோ சித்தப்பாவோ. அப்படியென்றால் அது குண்டாஸ்தான். "தம்பி, ஜாமீன் கிடைக்கப் போற நேரத்துல குண்டாஸ் போட்டுட்டாங்க. ஒரு வருஷத்துக்கு வெளிய வரவே முடியாதாமே?" என்பார்கள்.

எங்களிடம் வருவதற்குள் அவர்கள் நாலு பேரிடம் யோசனை கேட்டிருப்பார்கள். ஒருத்தர் உடனே ஹைகோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார். ஒருத்தர், உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமான போர்டு முடியட்டும் என்றிருப்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஒரு வருஷம்தானே, உள்ள இருந்தா பையன் திருந்துவான்" என்று தீர்ப்பே சொல்லி அனுப்பியிருப்பார். இந்த வழிகளில் எது எதற்கு உதவும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று நான் பார்த்த வரையில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கட்டு கட்டிக் கொடுத்து, கோர்ட்டில் மனுவுக்கு நம்பர் ஆகும்வரை செக்‌ஷனுக்கு நடையாய் நடந்தவன். வக்கீல் பார்க்க வேண்டியதை வக்கீல்தான் பார்க்க வேண்டும்.

முதலில், கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பாருங்கள். சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அப்புறம் ரிமாண்ட். மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கேட்ட மாத்திரத்தில் ஜாமீன் கிடைக்கும் உரிமை வந்துவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 167-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 187 என்று எண் மாறியிருக்கிறது. பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்டத்திலும், வணிக அளவு கஞ்சா மாதிரியான வழக்குகளிலும் இந்தக் கெடு 180 நாள் வரை நீளும். எப்படியும் இங்கே ஒரு குற்றச்சாட்டு வரும், ஒரு விசாரணை நடக்கும்.

குண்டாஸ் அப்படி இல்லை. அது நடந்த குற்றத்துக்குத் தண்டனை அல்ல. இனி நடக்கக் கூடும் என்ற எண்ணத்தில் ஆளை உள்ளே வைப்பது. குற்றச்சாட்டு கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு 24 மணி நேரக் கெடுவையும், வக்கீலை வைத்து வாதாடும் உரிமையையும் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் 'தடுப்புக் காவலுக்கு இவை பொருந்தாது' என்றும் சொல்கிறது. அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயத்துக்குள்ளேயே இது இருப்பதை முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். இல்லை, தெரிந்தேதான் எழுதினார்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-லேயே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்துச் சிறையில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெரும்பான்மை நீதிபதிகள் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றார்கள். அன்றிலிருந்து இதில் சண்டை எல்லாம் நடைமுறையைப் பற்றித்தான்: எத்தனை நாளில் காரணம் சொன்னாய், எந்த மொழியில் சொன்னாய், கடிதத்துக்கு எப்போது பதில் போட்டாய்.

இதை நுணுக்கம், ஓட்டை என்று ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. விசாரணையே இல்லாமல் ஒருத்தனை ஒரு வருடம் வைக்கிற சட்டத்தில், அவனுக்கு மிச்சம் இருப்பது அந்த நாள் கணக்கு மட்டும்தான். அதையும் ஓட்டை என்றால் எப்படி?

கணக்கு இப்படி. நம் ஊர் குண்டாஸ் 1982-ஆம் வருடத்து 14-ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபச்சாரத் தொழில், குடிசை நில அபகரிப்பு என்று தொடங்கி, பிறகு வனக் குற்றம், மணல், திருட்டு வீடியோ, 2014-இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் என்று பெயரே ஒரு பத்தி அளவுக்கு வளர்ந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரோ, மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவு போடுவார். மார்ச் 1-ஆம் தேதி உத்தரவு போட்டு அன்றே சிறையில் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணங்களை ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும்: மார்ச் 6. மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு தானாகவே செத்துவிடும்: மார்ச் 13. அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்: மார்ச் 22. கழகம் ஏழு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்: ஏப்ரல் 19. கழகம் சரி என்றால் அரசு உறுதிப்படுத்தும். அதிகபட்சம், காவலில் வைத்த நாளிலிருந்து 12 மாதம். தேசியப் பாதுகாப்புச் சட்டமான என்.எஸ்.ஏ., கடத்தல் தடுப்புக்கான காஃபிபோசா என்றால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், சட்டகம் இதுவே.

இந்தத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். கேட்பவர்கள் பத்துக்கு ரெண்டு பேர்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான், பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். பணம் இல்லை, ஊரில் அசிங்கம், பையன் வெளியே வந்தால் எதிர்க் கோஷ்டி வெட்டிவிடுமோ என்ற பயம். கடைசிக் காரணம் உண்மையானது. அதைச் சொல்லி அழுத தகப்பனை நான் பார்த்திருக்கிறேன், அவரிடம் போய்ச் சட்டம் பேச முடியாது. ஆனால் 'ஒரு வருஷம்தானே' என்ற கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. உத்தரவை யாரும் எதிர்க்காமல் விட்டால் அது சரியான உத்தரவாகவே கோப்பில் நிற்கும். அடுத்த முறை அவன் மேல் ஏதாவது ஒரு வழக்கு வந்தால், 'ஏற்கெனவே குண்டாஸில் இருந்தவர்' என்ற வரி முதலிலேயே வந்து உட்காரும். பணம் இல்லை என்பதும் முழுக் காரணம் ஆகாது. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. ஹைகோர்ட்டில் சட்டப்பணிக் குழு இருக்கிறது. மனு போடப் போவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் என்பதால் இரண்டு வகையிலும் தகுதி வந்துவிடும்.

அடுத்தது கடிதம். கோர்ட் பாஷையில் ரெப்ரசன்டேஷன், உத்தரவில் முறையீடு என்று இருக்கும். இதைத்தான் ஜனங்கள் மிக அலட்சியமாக நினைக்கிறார்கள், "போட்டவங்ககிட்டயே போய்க் கேட்டா விடுவாங்களா?" என்று. விடமாட்டார்கள், நிச்சயமாக. கடிதத்தைப் படித்து அரசு மனம் மாறி உத்தரவை எடுத்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கடிதம் போடுவது அதற்காக இல்லை. அது போய்ச் சேர்ந்த நொடியில் அரசின் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அரசியல் சட்டத்தின் 22(5)-இன்படி அந்த முறையீட்டைத் தாமதம் இல்லாமல் பரிசீலித்தாக வேண்டும். இத்தனை நாள் என்று சட்டத்தில் எண் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு கேட்க முடிகிறது.

1990-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு எங்கள் ஆபீஸில் தினம் பேசப்படும். கோப்பு எல்லா மேசையும் தாண்டி அமைச்சரிடம் போயிருக்கிறது. அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஐந்து நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டார். சுற்றுப்பயணம் ஒரு விளக்கம் ஆகாது என்று சொல்லி, அந்த ஐந்து நாளுக்காகவே காவலை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். இன்றைக்கும் மதுரையிலும் சென்னையிலும் அரசு வக்கீல் ஒரு பட்டியல் தாக்கல் செய்வார்: முறையீடு வந்த தேதி, போலீஸிடம் குறிப்பு கேட்ட தேதி, குறிப்பு வந்த தேதி, துணைச் செயலர் பார்த்த தேதி, அமைச்சர் பார்த்த தேதி, நிராகரிப்பைக் கைதிக்குக் கொடுத்த தேதி. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளைக் கழித்துவிட்டு மீதி நாள் எத்தனை என்று நீதிபதிகள் எண்ணுவார்கள். ஒரு தாள், ஒரு தபால் செலவு, அவ்வளவுதான் முதலீடு.

ஆனால் அதையும் சரியாகப் போட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறையீட்டைச் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டேன். அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவே இல்லை என்று அரசு தரப்பு பதில் மனுவான கவுன்டரில் எழுதிவிட்டார்கள். எங்களிடம் காட்ட ஒரு சீட்டுகூட இல்லை. சீனியர் என்னைத் திட்டக்கூட இல்லை, அந்த அம்மாவிடம் என்னையே போய்ச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு ஸ்பீடு போஸ்ட், ஒப்புகை, ரசீதின் நகல், மூன்றும் இல்லாமல் எந்தக் கடிதமும் என் கையைத் தாண்டியதில்லை. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதியே கொடுப்பது இன்னும் நல்லது. அங்கே பதிவேட்டில் தேதி விழுந்துவிடும்.

யாருக்குப் போடுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாரும் கோட்டைக்கு, உள்துறை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்குப் போடுவார்கள். அது வேண்டியதுதான். அதோடு உத்தரவு போட்ட ஆட்சியருக்கோ ஆணையருக்கோ ஒன்று போட வேண்டும், அதுவும் அரசு ஒப்புதல் தருவதற்கு முன்பே, அதாவது அந்த 12 நாளுக்குள். அதுவரைதான் உத்தரவைத் தானே திரும்பப் பெறும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. 'உனக்கு என்னிடம் முறையிடும் உரிமை உண்டு' என்று கைதிக்குச் சொல்லத் தவறினாலே உத்தரவு கெட்டுவிடும் என்று மகாராஷ்டிராவின் இதே மாதிரிச் சட்டத்தில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்றாவது நகல் அறிவுரைக் கழகத்துக்கு. என் பையன் நல்லவன், குடும்பத்துக்கு ஒரே ஆதாரம் என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட, எந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, எந்த ஆவணம் தமிழில் தரப்படவில்லை என்று குறிப்பாகக் கேட்பது மேல். கேட்டுக் கொடுக்கவில்லை என்றால் அதுவே ஒரு காரணம் ஆகும்.

அறிவுரைக் கழகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர்கள், இருந்தவர்கள், ஆகும் தகுதி உள்ளவர்கள் என்று மூன்று பேர். போதிய காரணம் இல்லை என்று அவர்கள் சொன்னால் அரசு விட்டே தீர வேண்டும், வேறு வழி கிடையாது. இவ்வளவு பலம் இருக்கும் இடத்தில் கைதிக்கு வக்கீல் வைக்க உரிமை இல்லை. அரசு தன் பக்கம் சட்டம் தெரிந்தவரை நிறுத்தினால் கைதிக்கும் அனுமதிக்க வேண்டும், வக்கீல் அல்லாத ஒரு நண்பரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1981 டிசம்பர் தீர்ப்பு. அந்த நண்பர் என்ற இடத்துக்குத்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த அத்தை ஒருவர், எந்தத் தேதியில் பையன் எங்கே வேலையில் இருந்தான் என்று சம்பளச் சீட்டோடு போய்ச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கழகம் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தச் சீட்டு கோப்பில் ஏறிவிட்டது. பின்னால் மனுவில் பயன்பட்டது. போர்டில் ஜெயிப்போம் என்று நம்பி உட்கார வேண்டாம். போகாமலும் இருக்க வேண்டாம். போய் வருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்தக் கழகத்தைப் பற்றி ஒரு ஆதங்கம் மட்டும். கழகத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்க 1978-இல் 44-ஆவது திருத்தம் நிறைவேறியது. அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை இன்றுவரை வரவில்லை. எத்தனை கட்சி ஆட்சிகள் வந்து போயின!

இனி ஆட்கொணர்வு மனு, அதாவது காவல் சட்டப்படி சரியா என்று கேட்டு ஹைகோர்ட்டில் போடுவது. எச்.சி.பி. என்று சொன்னால்தான் ஜனங்களுக்குப் புரிகிறது. பெயர்தான் ஆட்கொணர்வு, குண்டாஸ் வழக்கில் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வருவது ஆள் இல்லை, ஃபைல். எமர்ஜென்சியில், மிசாவில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருந்தபோது, 1976-இல் இந்தக் கதவையே உச்ச நீதிமன்றம் சாத்தியது. எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அது தவறு என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆக வேண்டியிருந்தது. இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது. கரூர், திருச்சி, தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரி வரை என்றால் மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை. இரண்டு நீதிபதிகள் அமர்வு. அம்மா, மனைவி, அண்ணன், நண்பர், யார் வேண்டுமானாலும் மனுதாரர் ஆகலாம்.

இங்கே எது எடுபடும் என்பதுதான் முக்கியம். அவன் குற்றம் செய்யவில்லை என்ற வாதம் எடுபடாது. அதைப் பார்ப்பது இந்தக் கோர்ட்டின் வேலை இல்லை. எடுபடுவது வேறு. கட்டில் 47-ஆம் பக்கம் கறுப்பாக இருக்கிறது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவு ஆங்கிலத்தில் இருக்கிறது, கைதிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு, உத்தரவுக்கு ஆதாரமாக எடுத்த ஆவணத்தைத் தமிழில் தராதது தவறு என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கட்டு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படிக்க முடியாத பக்கங்களின் எண்ணை எழுதுவது. அசல் கட்டில் பேனா போடாதீர்கள், பின் பிடுங்காதீர்கள். சிறையில் கொடுத்த கட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்து, ஜாமீன் சம்பந்தப்பட்ட வாதம். பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் இருக்கும்போதுதான் குண்டாஸ் வரும். உள்ளே இருப்பவனைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டும் என்றால், அவன் வெளியே வர நிஜமான வாய்ப்பு இருக்கிறது என்று அதிகாரி காட்ட வேண்டும். 'இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கொடுக்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். காலாவதி மருந்து விற்றதாக ஒருவர் மேல் குண்டாஸ் போட்ட வழக்கில், 2011 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பிடித்துக்கொண்டது. எந்த வழக்கு, எந்தக் கோர்ட், எந்தத் தேதி, அவர் அதே வழக்கின் கூட்டாளியா என்ற விவரம் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு. சாதாரணச் சட்டமே போதுமென்றால் தடுப்புக் காவல் செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இப்போது அதிகாரிகள் ஒரு ஜாமீன் உத்தரவின் நகலைக் கட்டில் சேர்க்கிறார்கள். அந்த வழக்கு உண்மையிலேயே ஒத்த வழக்கா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நல்ல வக்கீல் தெரிவார்.

மூன்றாவது, பொது ஒழுங்கு. ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-இல் மூன்று வட்டம் போட்டது: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. ரெண்டு பேர் கடை வாசலில் அடித்துக்கொண்டால் அது வெளி வட்டத்தோடு நின்றுவிடும். தெருவே கடையைச் சாத்திக்கொண்டு ஓடினால்தான் உள்ளே வரும். அதனால்தானோ என்னவோ, காரணங்கள் தாளில் கத்தியைக் காட்டி மிரட்டினார், மக்கள் அலறி ஓடினர், கடைகள் அடைக்கப்பட்டன, போக்குவரத்து பாதித்தது என்ற நாலு வரி அச்சு வார்த்தது போல ஒவ்வொரு கட்டிலும் இருக்கிறது. ஊரும் பெயரும்தான் மாறும்.

எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் இந்த வழியின் பலவீனம். யூடியூபர் சவுக்கு சங்கர் மீது 2024 மே மாதம் குண்டாஸ் போட்டார்கள். ஊரே பேசிய வழக்கு, பெரிய வக்கீல்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. அதற்கே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான். சில நாளில் இன்னொரு வழக்கை வைத்து இரண்டாவது குண்டாஸ் வந்தது. செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அவருக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத பையனின் மனு வரிசையில் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஒரு வருட உத்தரவில் பாதி கழிந்த பிறகு ரத்து ஆவதெல்லாம் சாதாரணம்.

அதனால்தான் போர்டு முடியட்டும், அப்புறம் மனு போடலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. ஏழு வாரம் சும்மா போகும். உத்தரவு வந்த மறுநாளே ஹைகோர்ட்டுக்கு ஓடுவதும் சரியில்லை. முறையீடே போடாமல் மனு போட்டால், தாமதம் என்ற பலமான காரணமே கையில் இருக்காது. கட்டு வந்த முதல் வாரத்தில் கடிதம், ரசீது. அரசு ஒப்புதல் வந்ததும் மனு, நம்பர். வரிசையில் நிற்கும் காலத்தில் போர்டையும் பார்த்துவிடலாம், முறையீட்டின் பதில் எப்போது வந்தது என்ற தேதியும் கிடைத்துவிடும், அதைக் கூடுதல் காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடிதமா கோர்ட்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கடிதம் இல்லாத மனுவுக்கு ஒரு கால் குறை.

நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஹைகோர்ட்டுக்குப் போ என்றுதான் சொல்வார்கள். டெல்லி செலவு வேறு. ஹைகோர்ட் தள்ளுபடி செய்த பிறகு யோசிக்க வேண்டிய வழி அது.

இதற்கெல்லாம் பக்கத்தில், யாரும் கவனிக்காமல் ஒரு வழக்கு தூங்கிக்கொண்டிருக்கும். எதை வைத்துக் குண்டாஸ் போட்டார்களோ, அந்த கிரவுண்ட் கேஸ். அதில் ஜாமீன் மனு போடுவதா வேண்டாமா என்று வக்கீல்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. குண்டாஸ் வருமோ என்று சந்தேகம் இருக்கும்போது ஜாமீன் மனு நிலுவையில் இருந்தால், 'வெளியே வந்துவிடுவார்' என்று எழுத அதிகாரிக்கு வசதி. மனு இல்லாவிட்டால் அந்த வரி பலவீனமாகும். அதற்காக மாதக்கணக்கில் ஜாமீனே கேட்காமல் இருப்பதா? குண்டாஸ் வராமலே போனால் அவ்வளவு நாளும் வீண்தானே. என் சீனியர் ஆளைப் பார்த்து முடிவு செய்வார்: ஏற்கெனவே நாலைந்து பழைய வழக்கு, அதாவது அட்வர்ஸ் கேஸ் இருப்பவன் என்றால் கொஞ்சம் பொறுப்பார், முதல் வழக்கு என்றால் உடனே போட்டுவிடுவார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஜாமீன் கிடைத்த பிறகு குண்டாஸ் வந்தால் வாதம் வேறு மாதிரி போகும்: ஜாமீனை ரத்து செய்யக் கேட்காமல் ஏன் தடுப்புக் காவல் என்று தெலங்கானா வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் அரசைக் கேட்டிருக்கிறது.

குண்டாஸ் விழுந்துவிட்ட பிறகு இந்த யோசனைக்கே இடமில்லை. கிரவுண்ட் கேஸில் 60 அல்லது 90 நாள் தேதியைக் கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஆள் குண்டாஸில் இருக்கிறான் என்பதால் போலீஸுக்குக் குற்றப்பத்திரிகையில் அவசரம் இருக்காது, நமக்கும் மறந்துபோகும். கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே மனு போட வேண்டும். நாம் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கொரோனா காலத்தில் எல்லாக் கெடுவும் நீட்டிக்கப்பட்டபோதுகூட இந்தக் கெடு நீளாது என்று 2020 ஜூனில், மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எச்.சி.பி. ஜெயித்து வரும் உத்தரவின் கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: வேறு எந்த வழக்கிலும் காவலில் வைக்கத் தேவைப்படாவிட்டால் உடனடியாக விடுவிக்கவும். ஒரு குடும்பம் அந்த உத்தரவு நகலோடு வேன் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனது. மாலை, பழம், எல்லாம். சிறை அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "கிரவுண்ட் கேஸ்ல ஜாமீன் எடுத்தாச்சா?" எடுத்திருக்கவில்லை. குண்டாஸ் போய்விட்டது, ரிமாண்ட் அப்படியே இருந்தது. செசன்ஸ் கோர்ட்டில் மனு போட்டு, ரெண்டு ஜாமீன்தாரரைத் தேடி, வி.ஏ.ஓ. சான்று வாங்கி, அவன் வெளியே வர மேலும் பதினெட்டு நாள் ஆனது.